பன்னிரண்டு கீறலும் ஒரு பானைக் கூழும்

ஜீப்பில கீறல் விழுந்தது என்ர பிழைதான். முதல்லயே சொல்லிப்போட்டன், இனி ஆரும் வந்து "எண்டாலும் பிள்ளை..." எண்டு இழுக்கத் தேவையில்லை. மொத்தம் பன்னிரண்டு. பதினொண்டு முள்ளுப்பத்தை கீறினது. ஒண்டு நானே கொண்டுபோய்க் கேற்றுத் தூணில தேச்சது. மன்னிப்புக் கேக்கிறதுக்கு இதை எழுதேல்லை. சொந்தக்காரரின்ர வாட்ஸப்பில இந்தக் கதை நாலு விதமா ஓடுது. ஒண்டில நான் ஆரோ பொடியனோட ஓடிப் போட்டனாம். போனது மூண்டு பேர், ஒரு ஜீப், ஒரு பானை. நடந்தது இதுதான்.

அப்பாக்குத் தெற்கு லண்டனில, மிச்சம் எண்ட ஊரில ஒரு சின்னக் கராஜ். ட்ராம் தண்டவாளத்துக்குப் பின்பக்கம். ரண்டு கார் உள்ளுக்க நிண்டா மற்ற ஆள் வயித்தை எக்கிக்கொண்டுதான் நடக்கோணும். எஞ்சின் வேலை இல்லை, இடிபட்ட காரை நெளிவெடுத்து, பூசி, பெயின்ற் அடிக்கிறது. ஜேர்மனியில இருக்கேக்க பழகின தொழில். மனுசன் ஒரு காரைச் சுத்தி ஒருக்கா நடந்தாரெண்டா எந்தக் கதவு மாத்தினதெண்டு சொல்லுவார். ஒரு கலியாண வீட்டில மாப்பிள்ளை வந்திறங்கின காரைப் பாத்திட்டு, "பின்பக்கம் அடிபட்ட கார்" எண்டு சொல்லி அம்மாட்ட கிள்ளு வாங்கினவர்.

யூனி ரண்டாம் வருசத்தில இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்தக் கராஜில. போன் எடுக்கிறது, இன்சூரன்ஸ்காரரோட சண்டை பிடிக்கிறது, ஈமெயில், ஃபோம், எழுத்து வேலை எல்லாம் நான். அப்பாக்கு இங்கிலிஷ் கதைக்க வரும், எழுத வராது. எழுதச் சொன்னா கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி தலையில இருக்கும்.

சம்பளம் வேண்டாம் எண்டனான். பின்மூலையில ஒரு பழைய ஜீப் நிண்டது. ஜப்பான்காரன் செய்தது, பெற்றோல், அதால யூலெஸ் எண்ட லண்டன் புகைக் காசுப் பிரச்சினை இல்லை, முன்பக்கம் நசுங்கி இன்சூரன்ஸ்காரன் கைவிட்டது. "அதுதான் என்ர சம்பளம்" எண்டனான். அப்பா சிரிச்சுக்கொண்டு ஓமெண்டார். நான் ரண்டு மாசத்தில அலுத்துப்போய் விட்டிடுவன் எண்டு நினைச்சிருப்பார். நான் விடேல்லை. அவரும் சும்மா சொல்லக்கூடாது, நேரம் கிடைக்கேக்க எல்லாம் அதில கையை வைச்சு, கடைசியாக் கடும் பச்சையில பெயின்ற் அடிச்சு நிப்பாட்டினார். அப்பிடி ஒரு வடிவு.

அந்த வடிவுதான் வில்லங்கம். போன் கடை வைச்சிருக்கிற ஒரு ஆள் தன்ர வானைத் திருத்த வந்த இடத்தில ஜீப்பைக் கண்டிட்டார். விலைக்குக் கேட்டிட்டார். அப்பா அண்டைக்கு வீட்டை வந்து சோத்தைப் பிசைஞ்சுகொண்டு சொல்லுறார்: "பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய வாகனம் எதுக்கு? சின்னக் கார் ஒண்டு எடுத்துத் தாறன்."

நான் மூண்டு நாள் கராஜ் ஈமெயிலைத் திறக்கேல்லை. நாலாம் நாள் அப்பா இறங்கி வந்தார், ஆனா முழுசா இல்லை. "ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கோயில்ல ஜீப்புக்குப் பூசை. அதுமட்டும் ஜீப் உன்ர பொறுப்பு. ஒரு கீறல் இல்லாமக் கொண்டுவந்து நிப்பாட்டினா லொக் புக்கில சொந்தக்காரி எண்டு உன்ர பேர். கீறல் கண்டனெண்டா திங்கக்கிழமை அந்த ஆள் கொண்டு போவார். சரியே?"

சரி எண்டனான். என்ன பெரிய விசயம், ஒரு நாள்.

சனிக்கிழமை காலமை அம்மா நாலு தேசிக்காயைப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, துடைச்சு, ஜீப்பின்ர முன் தட்டுக்குள்ள வைச்சவ. நாலு சில்லுக்கும் கீழை ஒவ்வொண்டு, ஏத்தி நசிச்சிட்டுத்தான் புது வாகனம் ஓடோணும். எங்கட ஆக்களுக்குப் பூசை போடாத வாகனம் எண்டா பிரேக் இல்லாத வாகனம் மாதிரி. "கழுவக் குடுத்திட்டு நேர வீட்டை வா. அங்கை இஞ்சை திரியாதை." ஓம் எண்டனான். அந்த ஓமை நான் மனசாரத்தான் சொன்னனான், சத்தியமா.

கார் கழுவுற இடத்துக்கு ரண்டு பேர் வந்து சேந்தினம். ஒராள் வடக்கு லண்டன், எட்மண்டன் பொடியன். பத்து வயசில ஜேர்மனியில இருந்து வந்தவன். எங்கட அப்பாமார் அங்கை ஒரே அறையில இருந்தவை, அதால எனக்கு அவன் சொந்தம் மாதிரியும் இல்லை, சிநேகிதன் மாதிரியும் இல்லை, தொல்லை மாதிரி. லண்டனை வடக்கில இருந்து தெற்கு மட்டும் கடந்து ரயிலிலயும் ட்ராமிலயும் ஒரு பெரிய அலுமினியப் பானையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்தவன். அவன்ர அம்மா எங்கட அம்மாட்ட இரவல் வாங்கின பானை. வெறும் பானை திருப்பிக் குடுக்கக் கூடாது எண்டு, உள்ளுக்கப் பனங்கிழங்கு ஒடியல் மாப் பக்கெற், செத்தல் மிளகாய், கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் போட்டு அனுப்பியிருந்தவ.

மற்றது என்ர யூனி சிநேகிதி. மலேசியாத் தமிழ். படிக்க வந்தவள், இப்ப ஒரு கணக்காய்வுக் கம்பனியில வேலை. பூசை பாக்கோணும் எண்டு முதல் நாளே வந்திட்டாள், வெள்ளைச் சப்பாத்து வேற.

"டேய், என்னாடா பானை? பூசைக்கு நீ பொங்கப் போறியா?" எண்டாள்.

"ட்ராமில ஒரு கிழவி எழும்பிப் பானைக்குச் சீற் குடுத்தவ," எண்டான் இவன். "எனக்கு இல்லை. பானைக்கு."

வரிசையில நிக்கேக்கதான் அந்தப் போன் கடை ஆள் தன்ர வானோட வந்தார். இறங்கி வந்து, ஜீப்பின்ர பொனற்றில ரண்டு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டுற மாதிரி. "வடிவாக் கழுவு தங்கச்சி. திங்கள் வந்து எடுக்கிறன்."

"ஆர் சொன்னது உங்களுக்கெண்டு?"

"அப்பாவோட கதைச்சனான் தானே. உனக்கேனம்மா இது? நாலு சில்லும் ஒண்டா இழுக்கிற சாமான். உது ஆம்பிளையளுக்கே கஷ்டம்."

"நீங்கள் எங்கையண்ணை ஓடப் போறியள்?"

"பிள்ளையளை ஸ்கூலுக்கு விட."

மலேசியாக்காரி வாயைப் பொத்தினாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. என்ர சனிக்கிழமை எல்லாம் இந்தாள் ஸ்கூல் வாசல்ல, நிப்பாட்டக் கூடாத மஞ்சள் கோட்டில நிப்பாட்டிப்போட்டு ஹோர்ன் அடிக்கவோ? வரிசையில எனக்கு முன்னால ரண்டு கார்தான் நிண்டது. நான் ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பி ஜீப்பை வெளியால எடுத்தன்.

"எங்கடி?" எண்டான் எட்மண்டன்காரன்.

"நாலு சில்லும் இழுக்குதோ எண்டு பாக்க."

குரோய்டனுக்குள்ளால தெற்கை விட்டன். அந்தப் பெரிய குடிவரவு ஒஃபிஸ் கட்டிடத்தைக் கடக்கேக்க அவன் வழக்கம்போலச் சீற்றில சரிஞ்சு பதுங்கினான். சின்னனில அவனையும் கூட்டிக்கொண்டுபோய் அங்கை வரிசையில நிப்பாட்டினதாம், இப்ப பாஸ்போட் கையில இருந்தும் உடம்பு பழக்கத்தை விடேல்லை. "எழும்படா, போட்டுது," எண்டன். பிறகு ரோட்டு அகண்டுது, வீடுகள் குறைஞ்சுது, மலேசியாக்காரி ஜன்னலைத் திறந்து, "ஏய், நாம எங்கயோ போறோம் லா!" எண்டு கத்தினாள். அவ்வளவுதான், இனித் திரும்பேலாது.

அம்மாக்கு ஒரு பெற்றோல் ஸ்டேசனில நிண்டு போன் எடுத்தனான். களவாப் போற பழக்கம் எனக்கில்லை. சொல்லிப்போட்டுத்தான் குழப்படி.

"அம்மா, சசெக்ஸ் பக்கம் போறம். வழியில டென்ட் ஒண்டு வாங்கியிருக்கு. காலமை கோயிலுக்கு நேர வாறன்."

"டென்டோ?"

"ஓம், கூடாரம்."

அம்மா அடுப்பை நிப்பாட்டுற சத்தம் கேட்டது. பிறகு, "நாங்கள் இடம்பெயர்ந்து மழைக்குள்ள படுத்தது காணாதெண்டு நீ காசு குடுத்துப் போய்ப் படுக்கிறியோ?"

 இருந்தாலும் போனனான். அதையும் ஒளிக்கேல்லை.

கடற்கரைக்குப் போனா ஒரு கறுத்த மரக்கொட்டிலில மீன்காரன் ஒராள் நண்டு அவிச்சு வைச்சிருக்கிறான். எட்மண்டன்காரன் பெட்டிக்குள்ள தலையை விட்டு, "அவிக்காதது இருக்கோ?" எண்டு கேட்டு, உயிரோட நாலு நண்டை வாங்கிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தான். நான் பானையைப் பாத்தன். பானைக்குள்ள ஒடியல் மா. வாய் திறந்து ஆரும் சொல்லேல்லை, ஆனா கூழ் எண்டு முடிவாச்சு. கூழ் வீட்டில காய்ச்சினா ஃபயர் அலாம் அடிக்கும், மேல்வீட்டு வெள்ளைக்காரன் இறங்கி வருவான். கூழ் எண்டா வெளியில, பெரிய பானையில, நாலு பேர் சுத்தி நிண்டு காய்ச்சோணும். நாங்கள் மூண்டு பேர். பரவாயில்லை.

வழியில ஒரு தோட்டத்துக்கு முன்னால மேசை போட்டு மரக்கறி வைச்சிருந்திச்சினம், ஆளில்லை, காசை டப்பாக்குள்ள போட்டிட்டு எடுக்கிறது. பயித்தங்காய்க்குப் பதிலா நீட்டு பீன்ஸ், மரவள்ளிக்குப் பதிலா உருளைக்கிழங்கு, முருங்கையிலைக்குப் பதிலா ஸ்பினாச். பலாக்கொட்டைக்குப் பதில் சசெக்ஸில ஒண்டுமில்லை.

அதுக்குப் பிறகுதான் மண்பாதை. போனில பாத்தனான், வாகனம் போகலாம் எண்ட சட்டப்பாதைதான், போர்டும் இருந்தது. ரண்டு பக்கமும் பத்தை, நடுவில புல்லு, சில்லுத் தடத்தில தண்ணி. நாலு சில்லையும் சேர்த்து இழுக்கிற குட்டிக் கியர்த்தடியை லோவுக்கு இழுத்தன். கடக் எண்டு ஒரு சத்தம், பிறகு எஞ்சின்ர குரல் மாறிட்டுது. அக்சிலேற்றரில காலே இல்லை, ஜீப் தன்ர பாட்டில ஏறுது. சேத்துக்குள்ள முன்சில்லு இறங்கும், ஒரு மூச்சு நிக்கும், பின்சில்லு தள்ளும், வெளியில வரும். ரண்டு வருசமா நான் கணினிக்கு முன்னால இருந்து பாத்துக்கொண்டிருந்த இரும்பு, உயிருள்ள சாமான் மாதிரி எனக்குக் கீழ முக்கி முக்கி ஏறுது. நான் கத்தினன். என்ன கத்தினன் எண்டு தெரியாது.

அந்தக் கத்தலுக்குள்ளயும் ஒரு சத்தம் கேட்டது. கரும்பலகையில நகத்தால இழுக்கிற சத்தம். இடப்பக்கம், முன்கதவில தொடங்கிப் பின்பக்கம் மட்டும்.



"அது பத்தை," எண்டான் அவன் மெல்லமா.

"நிப்பாட்டவா?" எண்டன். நிப்பாட்ட இடமில்லை, திருப்ப இடமில்லை. முன்னால போனாலும் பத்தை, பின்னால போனாலும் அதே பத்தை.

"கீறினது கீறிட்டு," எண்டாள் மலேசியாக்காரி. "ஒண்ணு விழுந்தாலும் போச்சு, பத்து விழுந்தாலும் போச்சு. போ லா!"

போனன். ஒண்டு பத்தாகிப் பதினொண்டானது அப்பிடித்தான்.

பாதை முடிஞ்ச இடத்தில ஒரு பண்ணை. ஒரு இரவு கூடாரம் அடிக்கலாம் எண்டு போர்ட் தொங்கினது. பண்ணைக்கார மனுசி ரப்பர் பூட்ஸோட வந்து, இடத்தைக் காட்டி, விறகு தந்து, நெருப்பு மூட்டுற இரும்புத் தட்டத்தையும் தந்தவ. வெளிச்சம் கிடந்தது, ஓகஸ்ட் மாசம்தானே. இறங்கிக் கீறலைப் பாத்தம். மாலை வெயிலில பச்சைப் பெயின்ற்றில வெள்ளைக் கோடுகள் பளிச்செண்டு தெரியுது. ஒவ்வொண்டா விரல் வைச்சு எண்ணினன். பதினொண்டு. கொஞ்ச நேரம் சில்லுக்குப் பக்கத்தில குந்தியிருந்தன். லொக் புக், சனிக்கிழமையள், எல்லாம் போச்சு. திங்கள் அந்தாள் வந்து பொனற்றில தட்டுவார்.

"அழப் போறியோ?" எண்டான்.

"நண்டை உடையடா."

கூழுக்கு ஒடியல் மாவைத் தண்ணியில ஊறவிட்டு, தெளிஞ்ச தண்ணியை ஊத்தி, திரும்ப ஊறவிடோணும். இல்லாட்டிக் கைக்கும். எங்கட மூண்டு பேருக்கும் பசி. "அரை மணித்தியாலம் காணும்," எண்டான் எட்மண்டன்காரன், என்னமோ ஊரிலயே பிறந்து வளந்தவன் மாதிரி. செத்தல் மிளகாயைக் கல்லில வைச்சுச் சோடாப் போத்தலால உருட்டி அரைச்சம், மூண்டு பேரும் தும்மல். நண்டு, கருவாடு, கிழங்கு, பீன்ஸ் எல்லாம் கொதிக்குது, வாசம் பண்ணை மட்டும் போகுது, அப்பதான் ஞாபகம் வருது: புளி இல்லை.

"புளி இல்லாட்டி அது கூழ் இல்லை, நண்டுக் கஞ்சி," எண்டான்.

"லெமன் இல்லையா?" எண்டாள் அவள்.

நான் எழும்பிப் போய் ஜீப்பின்ர தட்டைத் திறந்தன். நாலு தேசிக்காய், அம்மா துடைச்ச பளபளப்போட.

"அடியே, வேண்டாம்," எண்டான் அவன். குரலே மாறிட்டுது. "அது சாமிக்கு வைச்சது. மச்சச் சாப்பாட்டுக்குள்ளயோ? அதைத் தொட்டா நான் குடிக்கமாட்டன்."

"சாமிக்கு இல்லையடா, சில்லுக்கு," எண்டு சொல்லிக்கொண்டு பிழிஞ்சன். நாலையும்.

முதல் கோப்பை அவன்தான் குடிச்சான்.

பேப்பர்க் கோப்பையில ஊத்திக் குடிச்சம். கைச்சுது. மாக் கைப்பும் தேசிக்காய்க் கைப்பும் சேந்து நாக்கின்ர அடியில போய் நிண்டது. உறைப்பு மூக்கால வந்தது. பண்ணைக்கார மனுசி எட்டிப் பாத்து, தனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது எண்டு சொல்லி, நாய்க்கு ஒரு கால் கேட்டவ. நாயும் மணந்து பாத்திட்டுப் போட்டுது. நாங்கள் மூண்டு பேரும் ரண்டாம் தரம் ஊத்திக் குடிச்சம், மூண்டாம் தரமும் குடிச்சம். வேர்வை வடிய வடிய. லண்டனில ரெஸ்டோரன்ட்டில சின்னச் சட்டியில தாற கூழெல்லாம் நல்ல கூழ்தான். இது கெட்ட கூழ். ஆனா இது எங்கட.

படுத்து எழும்பினா மழை பெய்து விட்டிருக்கு. காலமை ஆறு மணி. டென்டைச் சுருட்டினம். பானையில கூழ் கால்வாசி மிச்சம் கிடக்கு.

"ஊத்திப்போட்டுக் கழுவு," எண்டன்.

"வெறும் பானையைக் கொண்டுபோய் உன்ர அம்மாட்டக் குடுக்கவோ?" எண்டான் எட்மண்டன்காரன். "எங்கட அம்மா போட்டு அனுப்பினதெல்லாத்தையும் திண்டாச்சு. கொஞ்சமாவது இருக்கட்டும். மனுசி கேட்டா என்னத்தைச் சொல்லுறது?"

நேற்றுத் தேசிக்காய்க்குக் குலைச்சவன். அதே ஆள் இப்ப பானைக்குக் குலைக்கிறான். எனக்கும் அந்த நேரம் நியாயமாத்தான் பட்டது, அதுதான் பகிடி. இவ்வளவு கீறலுக்குப் பிறகும், வெறும் பானை கூடாது எண்டதில மூண்டு பேருக்கும் மாற்றுக் கருத்தில்லை. மூடியை வைச்சு, துவாயால கட்டி, பின்சீற்றில மலேசியாக்காரியின்ர மடியில குடுத்தம்.

பண்ணைக் கேற்றடியில சேறு குழம்பாக் கிடந்தது. நான் கெதியாத் திரும்பினன், பின்பக்கம் வழுக்கிப் போய்த் தூணில இடிச்சுது. மெல்லமாத்தான். ஆனா பானை மெல்லமா எண்டு கேட்டுக்கொண்டு நிக்கேல்லையே. துவாய் அவிழ்ந்து, மூடி பறந்து, நண்டுக் கூழ் முழுக்கச் சீற்றில, தரையில, கதவில, அவளின்ர வெள்ளைச் சப்பாத்தில.

"நான் சாகப் போறேன் லா," எண்டாள். பிறகு தொடையில கிடந்த நண்டுக்காலைத் தூக்கிப் பாத்தாள். "இதுல சதை இருக்கு."

ஒம்பதரைக்கு மிச்சத்துக்குத் திரும்பி வந்து சேந்தம். கராஜ் திறப்புக் கொத்து என்ர கையில. எட்மண்டன்காரன் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவன்: அப்பாவின்ர பொலிஷ் மெஷின் இருக்கு, கீறல் ஆழமில்லை, முள்ளுக்கீறல் முக்கால் மணித்தியாலத்தில போகும். தூண் பட்ட இடத்தில சேத்தை அப்பிடியே விட்டா தெரியாது. சீற்றுக்கு ஷாம்பு போட்டாச் சரி. "பத்தே முக்காலுக்குக் கோயில். உன்ர அப்பா பாக்கிறது வெளியை மட்டும்தான். வா."

கராஜ் ஷட்டரைப் பாதி தூக்கினனான். மெஷினைக் கையில எடுத்தும் விட்டன். செய்திருக்கலாம். நான் அந்தக் கராஜில சும்மா இருக்கேல்லை, எனக்குப் பொலிஷ் பிடிக்கத் தெரியும். ஆனா பிடிச்சா என்ன நடக்கும்? ஜீப்பை ஓடாமலே பொத்தி வைச்சிருந்த நல்ல பிள்ளை எண்டு லொக் புக்கில என்ர பேரைப் போடுவிப்பார். அந்தக் கதவைப் பாக்கேக்க எல்லாம் நான் ஒளிக்கோணும். எனக்கு வேலைக்குக் கூலி கிடைக்கோணுமே தவிர, கீறாம வைச்சிருந்ததுக்குப் பரிசு வேண்டாம். மெஷினை வைச்சன். ஷட்டரை இழுத்தன்.

"விசரி," எண்டான் அவன்.

"ஏறு."

வழியில கடையில தேசிக்காய் இல்லை. மஞ்சள் எலுமிச்சைதான் வலைப்பையில இருந்தது. நாலு.

கோயில் கார் பார்க்கில அப்பா வேட்டி, அம்மா பட்டு. ரண்டு மூண்டு குடும்பம் வேற நிக்குது. சேறு பூசின ஜீப்பைக் கொண்டுபோய் நடுவில நிப்பாட்டிக் கதவைத் திறந்தன். வாசம் முதல்ல இறங்கினது.

அம்மா மூக்கைச் சுருக்கினா. "என்னடி மணக்குது?"

"நண்டு."

"எங்கை நிண்டு என்ன சொல்லுறாய்! தேசிக்காய் எங்கை?"

"அதுவும் நண்டுக்குள்ளதான்."

அம்மா கையால வாயைப் பொத்தினா. எட்மண்டன்காரன் பானையை நீட்டினான். அவ உள்ளுக்க எட்டிப் பாத்தா. அடியில ஒரு கரண்டிக் கூழும் ஒரு நண்டுக் காலும்.

அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டினார். விரலை வைச்சுக்கொண்டு ஜீப்பைச் சுத்தி நடந்தார். முன்கதவு, பின்கதவு, மற்றப் பக்கம். சுத்தி வந்து எனக்கு முன்னால நிண்டார். "பதினொண்டு."

"பன்னிரண்டு," எண்டன். "பின் சில்லுக்கு மேல சேத்துக்குள்ள ஒண்டு இருக்கு. அது நெளிஞ்சும் இருக்கு. தூண்."

அவர் குனிஞ்சு சேத்தை விரலால வழிச்சுப் பாத்தார். "ம்."

ஐயர் கற்பூரத்தட்டோட வந்தவர், நாலடி தள்ளி நிண்டிட்டார். "என்ன பிள்ளை, மீன் வானோ?" உள்ளுக்க விபூதி வைக்க மாட்டன் எண்டிட்டார். தூர நிண்டு தீபத்தைக் காட்டி, சில்லுக்கு வைச்சிட்டுப் போகச் சொன்னார். எலுமிச்சையை நானே நாலு சில்லுக்கும் வைச்சன். தோல் தடிப்பு. மூண்டு வெடிச்சுது, நாலாவது வழுக்கிப் பாய்ஞ்சு ஆரோ ஒரு அங்கிளின்ர காலடியில விழுந்தது. திரும்ப எடுத்து வைச்சு ஏத்தினன்.

அப்பா ஜன்னலடிக்கு வந்தார். "லோவில போட்டனியோ?"

"போட்டனான்."

"சத்தம் கித்தம்?"

"இல்லை. பூனை மாதிரி."

ஒரு செக்கன் அவற்ற முகம் வேற மாதிரிப் போச்சு, அந்தக் கியர்பெட்டியைக் கழட்டிப் பூட்டினது அவர்தானே. பிறகு திரும்பவும் பழைய முகம். "சொன்ன கதை சொன்ன கதைதான். கீறல் இருக்கு. நாளைக்கு அந்த ஆள் வருவார்."

லொக் புக் அவற்ற பையில இருந்தது, நான் கண்டனான். வெளியில எடுக்கேல்லை.

திங்கள் எனக்கு வேலை இல்லை, யூனி முடிச்சு எடுத்த வேலை செப்டெம்பரிலதான் தொடங்குது. கராஜுக்கு அவருக்கு முதலே போய் மேசையில இருந்தன். போன் கடை ஆள் பத்து மணிக்கு வந்தார். பொனற்றில தட்டப் போனவர், கையில சேறு பட, எடுத்திட்டார்.

"என்னண்ணை இது? உழுதவையே?"

"முள்ளுக் கீறல்தான் தம்பி," எண்டார் அப்பா. "ஒரு நாளில பொலிஷ் பிடிச்சுத் தரலாம்."

 தருவார். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை.

அந்தாள் பின்கதவைத் திறந்தார். ஒரு இரவு முழுக்கப் பூட்டின ஜீப். "ஐயோ! என்ன மணம் இது?"

"கூழ் அண்ணை," எண்டன் மேசையில இருந்தபடியே. "வீட்டில கொஞ்சம் இருக்கு. குடிக்கிறியளே?"

"பிள்ளையளை எப்பிடி இதில ஏத்திறது?"

"அதையும் எடுக்கலாம்," எண்டார் அப்பா. "சீற்றைக் கழட்டிக் கழுவினாச் சரி. ஒரு கிழமை தாங்கோ." பிறகு என்ர பக்கம் திரும்பினார். "பிள்ளை, வாகனம் பேர் மாத்துற ஃபோமை எடு. தம்பியின்ர பேர் விலாசத்தை எழுது."

நான் பேனையை எடுக்கேல்லை.

"நான் எழுதமாட்டன்."

"என்ன?"

"இந்தக் கராஜில ரண்டு வருசம் எழுதினது நான். எல்லாருக்கும் எழுதினனான். அந்த ஜீப்புக்கு என்ர பேரைத் தவிர வேற பேர் எழுதமாட்டன். கீறல் இருக்கு, ஓம், பன்னிரண்டும் நான் கீறினதுதான், ஓடினா கீறும். உங்களுக்கு அவருக்குக் குடுக்கோணுமெண்டா நீங்கள் எழுதுங்கோ. பேனை இந்தா."

போன் கடை ஆள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பாத்தார். அப்பா கண்ணாடியைத் தேடினார். மேசையில, சட்டைப் பையில, மெஷினுக்குப் பக்கத்தில. தலையில இருந்தது. நான் சொல்லேல்லை. வெளியில ட்ராம் ஒண்டு போய் முடிஞ்சுது.

தேடிக் களைச்சு நிண்டார். பிறகு அந்தாளைப் பாத்துச் சொன்னார்:

"குறை நினைக்காதையும் தம்பி. எழுத ஆளில்லை."

அவ்வளவுதான். மனுசன் போன பிறகு, பையில இருந்த லொக் புக்கை எடுத்து மேசையில போட்டார். தாறன் எண்டும் சொல்லேல்லை, வைச்சிரு எண்டும் சொல்லேல்லை. நான் என்ர பேரை எழுதினன், அவர் கையெழுத்து வைச்சார். அதுக்குக் கண்ணாடி தேவைப்படேல்லை.

பின்னேரம் போல பொலிஷ் மெஷினோட ஜீப்புக்குப் பக்கத்தில நிக்கிறார். கண்டிட்டன்.

"என்ன செய்யிறியள்?"

"ஒரு மணித்தியாலம் தா, எடுத்துவிடுறன். கராஜ்காரன்ர பிள்ளை இப்பிடிக் கீறலோட திரிஞ்சா என்ர தொழில் என்னாகிறது?"

"தொடக்கூடாது. இப்ப அது ஆரின்ர ஜீப்?"

மெஷினைக் கொண்டுபோய் வைச்சார். வைக்கேக்க ஏதோ முணுமுணுத்தவர், ஜேர்மன் பாஷையில, நல்ல வார்த்தை இல்லை.

பன்னிரண்டும் அப்பிடியே இருக்கு. தூண் பட்ட நெளிவும் இருக்கு. சீற்றை நான் மூண்டு தரம் கழுவிப் பாத்தனான். வெயிலுக்கு ஒண்டுமில்லை, மழை பெய்து கண்ணாடி மூடினா இன்னும் நண்டு மணக்கும். மணக்கட்டும்.